சிறு பீர் ஆலைக்கான டின் அடைக்கும் இயந்திரம்: தேர்வும் பராமரிப்பும்

பீரை டின்னில் அடைக்கும் இயந்திரத்துக்கு அடிப்படையில் இரண்டே வேலைகள். காற்று சேராமல் டின்னை நிரப்ப வேண்டும். பிறகு மூடியை டின்னின் விளிம்போடு சேர்த்து மடித்து இறுக்க வேண்டும். அடுக்கிலிருந்து டின்னை இறக்குவது, கழுவுவது, நகர்த்துவது, தேதி அச்சிடுவது எல்லாம் துணை வேலைகள். விற்பனையாளரின் துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் இருப்பது நிமிடத்துக்கு எத்தனை டின் என்ற எண். கடை அலமாரியில் மூன்று மாதம் இருந்த பீர் குடிக்கத் தகுந்ததாக இருக்குமா என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்பவை வேறு இரண்டு: டின்னுக்குள் சிக்கிக்கொண்ட ஆக்சிஜனின் அளவு, மூடி மடிப்பின் மில்லிமீட்டர் கணக்கு. இந்த இரண்டையும் ஆலையில் இருப்பவர்களே அளந்து, தாங்களே திருத்திக்கொள்ள முடிகிற இயந்திரம்தான் சிறு ஆலைக்குப் பொருந்தும். அதனால் எதை வாங்குவது என்ற கேள்வியும் எப்படிப் பராமரிப்பது என்ற கேள்வியும் ஒன்றுக்குள் ஒன்றாகவே இருக்கின்றன.

சிறு ஆலைக்கு டின் வந்த வழி

டின் பீர் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 1935 ஜனவரி 24 அன்று. நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகரில் இருந்த க்ரூகர் ஆலையின் பீர், வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் விற்கப்பட்டது. அது கனமான எஃகுத் தகர டின். கூர்முனைத் திறப்பானால் குத்தித்தான் திறக்க வேண்டும். 1959-இல் கூர்ஸ் ஆலை அலுமினிய டின்னைக் கொண்டுவந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு டின் என்பது பெரிய ஆலைகளின் சொத்தாகவே இருந்தது. அவர்களுடைய இயந்திரங்கள் நிமிடத்துக்கு ஆயிரம் டின்னைத் தாண்டி ஓடுபவை. டின் தயாரிப்பாளர்களோ லாரி லாரியாக வாங்குபவர்களுக்கு மட்டுமே விற்றார்கள். அமெரிக்காவில் 1980-களிலும் 90-களிலும் முளைத்த கிராஃப்ட் பீர் ஆலைகள் கண்ணாடிப் பாட்டிலோடு நின்றதற்கு இதுவே காரணம். டின் பீரில் உலோக வாடை அடிக்கும் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. டின்னின் உட்புறத்தில் மெல்லிய பூச்சு உண்டு, பீர் அலுமினியத்தைத் தொடுவதே இல்லை என்பதைக் குடிப்பவர்கள் ஏற்க நெடுநாள் ஆயிற்று.

கதவைத் திறந்தது கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த காஸ்க் ப்ரூவிங் சிஸ்டம்ஸ் நிறுவனம். மேசைமேல் வைத்துக் கையால் இயக்கும் அதன் சிறு இயந்திரத்தைக் கொண்டு, 2002-இல் கொலராடோ மாநிலம் லயன்ஸ் என்ற சிற்றூரின் ஆஸ்கர் ப்ளூஸ் ஆலை ‘டேல்ஸ் பேல் ஏல்’ பீரை டின்னில் அடைத்தது. அதன் வெற்றிக்குப் பின் கொலராடோவே இந்தச் சிறு இயந்திரங்களின் பட்டறையாக மாறியது. வைல்ட் கூஸ், ட்வின் மங்கீஸ், கோடி ஆகிய மூன்றும் அந்த மாநிலத்தில் வளர்ந்த நிறுவனங்கள். 2020-இல் பெருந்தொற்றால் மதுக்கூடங்கள் மூடப்பட்டு, கெக் எனப்படும் எஃகுப் பீப்பாயில் பீர் வாங்க ஆளில்லாமல் போனபோது, அதுவரை டின் பக்கம் திரும்பாத ஆலைகளும் இயந்திரம் தேடின. டின்னுக்கே தட்டுப்பாடு வந்தது. 2021 இறுதியில் டின் தயாரிப்பாளரான பால் (Ball) நிறுவனம், அச்சிட்ட டின்னுக்கான குறைந்தபட்ச ஆர்டரை ஒரு லாரியிலிருந்து ஐந்து லாரியாக, அதாவது ஏறத்தாழ இரண்டு லட்சத்திலிருந்து பத்து லட்சம் டின்னாக, உயர்த்துவதாக அறிவித்தது. ஒரு வகை பீருக்குப் பத்து லட்சம் டின் என்பது சிறு ஆலைக்கு நடக்காத காரியம். ஆகவே பலரும் வெற்று டின்னை வாங்கி, அதன்மேல் லேபிள் ஒட்டவோ சுருங்கும் பிளாஸ்டிக் உறை மாட்டவோ திரும்பினார்கள். இயந்திரம் வாங்கும் கணக்கில் லேபிள் இயந்திரமும் நுழைந்தது இப்படித்தான்.

வாங்குவதா, வரவழைப்பதா

அமெரிக்க வழக்கில் ஆண்டுக்கு 15,000 பேரலுக்குக் குறைவாகத் தயாரிப்பது மைக்ரோ ப்ரூவரி. ஒரு பேரல் என்பது 117 லிட்டர் சொச்சம். இந்த வகை ஆலைகளில் பலவற்றின் ஒரு கொதி, அதாவது ஒரு முறை காய்ச்சும் அளவு, 10 பேரல், ஏறத்தாழ 1,170 லிட்டர். குழாயிலும் தொடக்க டின்களிலும் நூற்றுக்கு ஐந்து போனால், 355 மில்லி டின்னில் 3,100 சொச்சம் தேறும். 473 மில்லி டின் என்றால் 2,350 அளவில்.

நிமிடத்துக்கு ஆறு டின் அடைக்கும் கைமுறை இயந்திரத்தில் 3,100 டின்னை முடிக்க ஒன்பது மணி நேரம் ஆகும். இரண்டு மூன்று பேர் நாள் முழுதும் நின்றாக வேண்டும். நிமிடத்துக்கு முப்பது அடைக்கும் தானியங்கி இயந்திரம் காகிதக் கணக்கில் ஒன்றே முக்கால் மணியில் முடித்துவிடும். தொடக்கச் சரிபார்ப்பு, இடையில் டின் சாய்ந்து சிக்குவது, மூடிக் கட்டு மாற்றுவது, மடிப்பை அளப்பது எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம். வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் கடைசி இரண்டு மணி நேரம் குறைவதில்லை. வாரத்துக்கு ஒரு கொதி அடைக்கும் ஆலை நிமிடத்துக்கு அறுபது டின் இயந்திரம் வாங்கினால், மிச்சமாவது ஒரு மணி நேரம். கூடுதலாகக் கொடுப்பது பெரும் பணம்.

இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆலை வாசலுக்கே வந்து அடைத்துக் கொடுக்கும் தொழில் 2010-களின் தொடக்கத்தில் கொலராடோவில் பரவத் தொடங்கியது. டின், மூடி, ஆட்கள் அவர்களுடையவை. பீர் மட்டும் ஆலையுடையது. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் அடைக்கும் ஆலைக்கு இதுவே மலிவு. மடிப்பை அளக்கும் பொறுப்பும் தேர்ந்த கைகளில் இருக்கும். அதன் குறை நாளைப் பற்றியது: பீர் தயாராகும் நாளும் லாரி வரும் நாளும் ஒத்துப்போக வேண்டும். பீர் தொட்டியில் காத்துக்கிடந்தால் அடுத்த கொதிக்குத் தொட்டி இல்லை. தொட்டி முடங்குவதன் செலவு எந்த ரசீதிலும் வராததால் பல ஆலைகள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாரந்தோறும் அடைக்கும் நிலை வந்தபின் சொந்த இயந்திரமே சரி.

விலை வீச்சு பெரியது. மூடியை மட்டும் மடிக்கும் மேசை இயந்திரம் சில ஆயிரம் டாலர். நான்கைந்து நிரப்புக் குழாய்கள் கொண்ட சிறு தானியங்கி வரிசை லட்சம் டாலரை ஒட்டியது. அழுத்தச் சமநிலையில் நிரப்பும் சுழல் இயந்திரங்கள் பல லட்சம்.

நிரப்பும் முறையும் ஆக்சிஜனும்

சிறு இயந்திரங்களில் பெரும்பாலானவை திறந்த முறையில் நிரப்புபவை. நீண்ட குழாய் டின்னின் அடிவரை இறங்கி, முதலில் கார்பன் டை ஆக்சைடை ஊதிக் காற்றை வெளியே தள்ளும். பிறகு அடியிலிருந்து பீரை மெல்ல ஏற்றும். டின்னின் வாய் திறந்தே இருக்கும். நிரம்பும்போது எழும் நுரை, வாய்வரை வந்து காற்றுக்கு இடமில்லாமல் செய்கிறது. நுரைமேல் மூடி விழுந்ததும் மடிப்பு நிலையத்துக்கு டின் நகர்கிறது. நுரை குறைந்தால் காற்று புகும். மிகுந்தால் பீர் வழிந்து வீணாகும், டின்னும் அளவு குறைந்து நிற்கும்.

அழுத்தச் சமநிலை முறையில் குழாய்முனை டின்னின் வாயைக் காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்ளும். டின்னுக்குள் வாயு அழுத்தத்தைத் தொட்டியின் அழுத்தத்துக்குச் சமமாக்கிய பிறகே பீர் இறங்கும். வாயு அதிகமுள்ள பானங்களையும், பூஜ்ஜியத்தை ஒட்டிக் குளிர்விக்க முடியாத பீரையும் இதில் அடைக்கலாம். சோடா அளவுக்குக் குமிழியுள்ள பானங்களைத் தயாரிக்கும் எண்ணம் இருந்தால் இந்த முறையைத் தவிர்க்க முடியாது. பதிலுக்கு வால்வுகள் அதிகம், ரப்பர் வளையங்கள் அதிகம், சுத்தம் செய்யவேண்டிய மூலைகள் அதிகம். வழக்கமான ஏல், லாகர் மட்டும் தயாரிக்கும், குளிர்சாதன வசதி நன்றாக உள்ள ஆலைக்குத் திறந்த முறை போதும். அதை ஒழுங்காக ஓட்டினால் ஆக்சிஜன் கணக்கில் பெரிதாகத் தோற்றுப்போவதில்லை.

அந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரு உதாரணம் காட்டும். ஒரு மில்லி காற்றில் ஏறக்குறைய 0.28 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 355 மில்லி டின்னில் ஒரே ஒரு மில்லி காற்று சிக்கினால் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம், அதாவது பில்லியனில் 800 பங்கு அளவுக்கு ஆக்சிஜன் சேர்கிறது. தொழிலில் இதைப் பிபிபி என்ற அளவில் சொல்வார்கள். பெரிய ஆலைகள் அடைத்த டின்னில் மொத்த ஆக்சிஜனை 50 பிபிபிக்குக் கீழே வைக்கின்றன. சிறு ஆலைக்கு 100-க்குக் கீழே என்பது நல்ல இலக்கு. ஹாப்ஸ் மணத்தை நம்பி விற்கும் கலங்கல் ஐபிஏ வகைகளில் ஆக்சிஜன் மிகுந்தால் சில வாரங்களிலேயே நிறம் பழுப்பேறி, பழ மணம் போய், ஈர அட்டை வாடை தலைகாட்டும்.

மொத்த ஆக்சிஜன் என்பது பீரில் கரைந்திருப்பதும் டின்னில் பீருக்கு மேலுள்ள இடைவெளியில் இருப்பதும் சேர்ந்தது. ஆகவே இயந்திரத்தைக் குறைசொல்லுமுன் தொட்டியிலுள்ள பீரை அளக்க வேண்டும். தொட்டியிலேயே 80 பிபிபி இருந்தால் எந்த இயந்திரமும் அதைக் குறைத்துத் தராது. விற்பனையாளர் தரும் எண்ணையும் இப்படித்தான் கேட்க வேண்டும்: இயந்திரம் எவ்வளவு சேர்க்கிறது? முடிவில் எவ்வளவு இருக்கிறது என்பது பாதிப் பதில். மூடி விழும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு ஊதும் ஏற்பாடு உண்டா, நிரப்பிய இடத்திலிருந்து மடிப்பு நிலையம் எத்தனை நொடித் தொலைவு என்பவை அடுத்துப் பார்க்க வேண்டியவை. அந்தத் தொலைவு கூடக்கூட நுரை அமுங்கிக் காற்று இறங்கும்.

இரட்டை மடிப்பு

நிரப்புவதில் தவறினால் பீர் சீக்கிரம் பழசாகும். மடிப்பில் தவறினால் டின் ஒழுகும், சில வேளை கிடங்கில் வெடிக்கும். தேர்வில் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான்.

தகர வேலைக்காரர் வாளியின் அடித்தகட்டைப் பக்கத்தகட்டோடு மடித்து அடித்து ஒட்டுவதும் இதே தத்துவம்தான். டின்னின் வாயில் வெளிப்பக்கமாக வளைந்த விளிம்பு இருக்கும். மூடியின் ஓரம் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். அந்தச் சுருளுக்குள் ரப்பர் போன்ற அடைப்புப் பசை பூசப்பட்டிருக்கும். கீழேயுள்ள தட்டு டின்னைத் தூக்கி, மேலேயுள்ள சக் என்ற வட்டக் கருவியோடு அழுத்திப் பிடிக்கிறது. முதல் ரோலர் பக்கவாட்டில் வந்து மூடிச் சுருளை விளிம்பின் அடியில் திணித்து, இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய கொக்கிகளாக்குகிறது. இரண்டாவது ரோலர் அந்த மடிப்பைத் தட்டையாக இறுக்கி, பசையை இடுக்குகளுக்குள் நெருக்குகிறது. முடிந்த மடிப்பை வெட்டிப் பார்த்தால் ஐந்து அடுக்கு உலோகம்: மூன்று மூடியுடையவை, இரண்டு டின்னுடையவை.

அளக்க வேண்டியவை மடிப்பின் தடிமன், அதன் உயரம், மூடியின் நடுக்குழிவு ஆழம், உள்ளே மறைந்திருக்கும் இரு கொக்கிகளின் நீளம், அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் அளவு. முதல் மூன்றை வெளியிலிருந்தே மைக்ரோமீட்டரால் பார்க்கலாம். மற்றவற்றுக்கு டின்னை அறுத்தோ பிரித்தோ பார்க்க வேண்டும். வழக்கிலுள்ள 202 அளவு மூடியில் மடிப்பின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர் அளவு, தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கொக்கிகள் ஏறியிருப்பது ஒரு மில்லிமீட்டர் அளவு. சரியான எண்களும் அனுமதிக்கப்பட்ட வேறுபாடும் மூடித் தயாரிப்பாளர் தரும் தாளில் இருக்கும். அதையே பின்பற்ற வேண்டும். கொக்கிகள் ஏறிய அளவை நேராக அளக்க முடியாதபோது கணக்கிடலாம்: டின் கொக்கி, மூடிக் கொக்கி, மூடித் தகட்டின் தடிமன் மூன்றையும் கூட்டி, மடிப்பின் உயரத்தைக் கழித்தால் கிடைக்கும்.

மூடி வகையை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். 202 என்பது இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த விட்டத்தைக் குறிக்கும் தொழில் எண். விட்டம் ஒன்றாக இருந்தாலும் மூடியின் உட்சுவர்ச் சரிவு வகைக்கு வகை மாறும். பழைய பி64 வகைக்கு ஒரு சக், எடை குறைத்த சிடிஎல் வகைக்கு வேறு சக், சூப்பர்எண்ட் வகைக்கு வேறொன்று. வகை மாறிய மூடியைப் பழைய சக்கில் ஓட்டினால் கண்ணுக்கு மடிப்பு சரியாகவே தெரியும். பிரித்துப் பார்த்தால்தான் கொக்கி மாட்டாதது புலப்படும். இயந்திரத்தை ஆர்டர் செய்யுமுன் எந்த மூடி தடையின்றிக் கிடைக்கும் என்று டின் விற்பவரிடம் உறுதிசெய்து, அதற்கான சக், ரோலர்களோடு வாங்குவதே முறை. டின்னின் உயரம் மாறுவது அவ்வளவு சிக்கல் இல்லை. வழக்கமான 355 மில்லியும் 473 மில்லியும் ஒரே விட்டம் என்பதால் மேசை உயரத்தை மாற்றினால் போதும். ஒல்லியான ‘ஸ்லீக்’ டின்னுக்கு வழிகாட்டிக் கம்பிகளையும் மாற்ற வேண்டும்.

ரோலர்களை நகர்த்தும் முறைகள் மூன்று: காற்றழுத்த உருளை, இயந்திரக் கேம், செர்வோ மோட்டார். காற்றழுத்த வகை மலிவு, பழுது பார்ப்பது எளிது. ஆனால் கம்ப்ரஸரின் அழுத்தம் ஏறி இறங்கினால் மடிப்பும் ஏறி இறங்கும். கேம் வகையில் ஒவ்வொரு டின்னுக்கும் ஒரே அசைவு. தேய்ந்த பாகத்தை மாற்றும்வரை மாறாது. செர்வோ வகையில் திரையில் எண்ணை மாற்றித் திருத்தலாம்; பழுதானால் உள்ளூர் பிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. பெரிய நகரத்திலிருந்து நெடுந்தொலைவில் உள்ள ஆலைக்கு முதல் இரண்டில் ஒன்று நிம்மதி தரும்.

இயந்திரத்தைச் சுற்றியுள்ளவை

ஈரமும் எண்ணெயும் நீக்கிய அழுத்தக் காற்று, போதிய கார்பன் டை ஆக்சைடு, தரையில் வடிகால், சரியான மின்னிணைப்பு ஆகியவை இயந்திரம் வருமுன் தயாராக இருக்க வேண்டும். டின் அடைக்கும் அறையில் கார்பன் டை ஆக்சைடு தாராளமாகக் கசியும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கான சராசரி உச்சவரம்பு 5,000 பிபிஎம், அதாவது மில்லியனில் 5,000 பங்கு. அளவு மிஞ்சினால் ஒலிக்கும் கருவியும் காற்றோட்டமும் இல்லாத அறையில் இயந்திரத்தை நிறுவக்கூடாது.

பழைய இயந்திரம் வாங்குவதில் தவறில்லை. வளர்ந்த ஆலைகள் சிறிய வரிசைகளை விற்றுவிடுவதால் சந்தையில் எப்போதும் கிடைக்கும். பார்க்க வேண்டியது பளபளப்பு இல்லை. ரோலரைக் கையால் ஆட்டினால் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, சக்கின் விளிம்பில் சிதைவு இருக்கிறதா, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு உதிரிபாகம் இன்னும் விற்கிறதா என்று பார்க்க வேண்டும். மடிப்பு அளவுகளைப் பழைய உரிமையாளர் எழுதிவைத்த பதிவேடு இருந்தால் அதுவே நல்ல சாட்சி. பதிவேடே இல்லை என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

புதியதோ பழையதோ, பணத்தின் கடைசிப் பகுதியைச் சொந்த ஆலையில், சொந்த பீரில், சொந்த டின்னில் நடக்கும் ஓட்டம் முடிந்த பிறகே தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது. தண்ணீரை நிரப்பிக் காட்டும் சோதனையால் நுரையைப் பற்றியும் ஆக்சிஜனைப் பற்றியும் எதுவும் தெரியாது.

அடைக்கும் நாள்

திறந்த முறையில் நிரப்புவதற்குப் பீர் 0 முதல் 2 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். குளிர் கூடக்கூட வாயு பீருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். பீரின் கன அளவைப் போல் இரண்டரை மடங்கு வாயு என்பது வழக்கமான அளவு. லிட்டருக்கு ஏறத்தாழ ஐந்து கிராம். தொட்டியில் 1 டிகிரியில் இருக்கும் பீர், வெயில் படும் நீண்ட ஹோஸ் பைப்பில் வந்து 5 டிகிரியில் டின்னில் விழுந்தால் நுரை கட்டுக்கடங்காது. இயந்திரத்தைத் திருகிக்கொண்டே இருப்பவர்கள் பலர் கடைசியில் கண்டுபிடிப்பது பைப்பைத்தான். பைப் குறுகிய நீளத்தில், ஒரே விட்டத்தில், கூர்மையான வளைவுகளின்றி, உறை போர்த்தியதாக இருக்க வேண்டும். தொட்டியின் மேல் அழுத்தமும் ஓட்டம் முடியும்வரை சீராக இருக்க வேண்டும். தொட்டி காலியாகக் காலியாக நிரப்பு அளவு மாறுவது இந்த அழுத்தத்தைக் கவனிக்காததால்தான்.

இயந்திரமும் பைப்பும் குளிர்ந்து நிலைக்கு வரும்வரை முதலில் வரும் டின்களை விற்பனைக்கு எடுப்பதில்லை. அவற்றையே மடிப்புச் சோதனைக்கும் எடைச் சோதனைக்கும் பயன்படுத்தலாம். அளவை எடையால் பார்ப்பதே துல்லியம். அடர்த்தி 1.010 உள்ள பீர் 355 மில்லி 358.5 கிராம், மூடியோடு டின் ஏறத்தாழ 13 கிராம். தராசு 371 அல்லது 372 காட்ட வேண்டும். ஒவ்வொரு குழாயின் டின்னையும் தனித்தனியே எடைபோட வேண்டும், ஏனெனில் நான்கில் ஒன்று மட்டும் தவறுவது சகஜம். டின்னுக்கு 5 மில்லி அதிகமாகப் போனால் 3,100 டின்னில் 15 லிட்டருக்கு மேல் இலவசமாகப் போகிறது.

மடிப்பை எத்தனை முறை பார்ப்பது? அமிலம் குறைந்த உணவை டின்னில் அடைப்பவர்களுக்கு அமெரிக்க விதி, அரைமணிக்கு மிகாத இடைவெளியில் கண்ணால் பார்க்கவும், நான்கு மணிக்கு மிகாத இடைவெளியில் பிரித்து அளக்கவும் சொல்கிறது. பீர் அமிலத்தன்மை உள்ளது என்பதால் இந்த விதிக்குள் வராது. ஆயினும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளத் தகுந்தது. மூன்று மணி நேரமே ஓடும் ஆலை தொடக்கத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை பிரித்துப் பார்க்கலாம். டின் சிக்கி இயந்திரம் நின்ற பிறகும், மூடிக் கட்டின் தொகுதி எண் மாறிய பிறகும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு டின்னில் ஒரே இடத்தில் அளப்பது போதாது. சுற்றிலும் சம இடைவெளியில் மூன்று இடங்களில் அளக்க வேண்டும். இரண்டு மடிப்பு நிலையங்கள் இருந்தால் இரண்டிலிருந்தும் டின் எடுக்க வேண்டும். மூடிக் கொக்கியைப் பிரித்தெடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் சுருக்கங்கள் தெரியும். சுருக்கம் குறைவாக இருந்தால் மடிப்பு இறுகியிருக்கிறது என்று பொருள்.

பராமரிப்பு

ஓட்டம் முடிந்த உடனே பீர் காயுமுன் வெந்நீரால் அலச வேண்டும். பிறகு பீர் செல்லும் பாதை முழுவதிலும் சூடான காரக் கரைசலைச் சுற்றவிட்டு, மீண்டும் அலசி, குறிப்பிட்ட இடைவெளியில் அமிலக் கரைசலால் பீர்ப்படிவை நீக்க வேண்டும். அடுத்த ஓட்டத்துக்குச் சற்றுமுன் பெராசிட்டிக் அமிலம் போன்ற கிருமிநாசினி. இயந்திரத்தின் வெளிப்பாகங்களில் அலுமினியம் இருக்கலாம். காரம் அதை அரித்துவிடும் என்பதால் எங்கும் தெளித்துக் கழுவக்கூடாது. குளோரின் கலந்த கரைசல்களை அருகிலேயே சேர்க்கக்கூடாது. துருப்பிடிக்காத எஃகையும் அது புள்ளிபுள்ளியாக அரிக்கும். அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயு உண்டாகும்.

மடிப்பு நிலையத்தில் பீர் தெறித்துக்கொண்டே இருக்கும். காய்ந்த பீரின் பிசின் ரோலர் பேரிங்கில் இறங்கினால் ரோலர் சுழலாமல் இழுபடும். மடிப்பில் கீறல் விழும். ஓட்டத்துக்குப் பின் அந்தப் பகுதியைத் துடைத்து, ஈரம் போக்கி, உணவுத் தொழிலுக்கு உரிய எச்1 தர கிரீஸ் இடுவது தினசரி வேலை. வாரம் ஒரு முறை ரோலர்களின் ஆட்டம், சக்கின் விளிம்பு, கன்வேயரின் இழுவிசை, சென்சார்களின் முகம், காற்று வடிகட்டியில் சேர்ந்த நீர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓ-ரிங்குகளும் குழாய்முனை வாஷர்களும் கிழியும்வரை காத்திருக்கக்கூடாது. கிழியுமுன்னே நுண்ணிய வெடிப்புகளில் கிருமி குடியேறிவிடும். ஆக்சிஜனும் அந்த வழியே நுழையும். தயாரிப்பாளர் சொன்ன கால இடைவெளியில் மொத்தமாக மாற்றுவதே சிக்கனம்.

கைவசம் இருக்க வேண்டிய உதிரிகள் அதிகமில்லை. ரோலர் ஒரு ஜோடி, சக் ஒன்று, பேரிங்குகள், வாஷர், ஓ-ரிங் தொகுப்பு, சொலினாய்டு வால்வு இரண்டு, சென்சார் ஒன்று, காற்றுக் குழாய் இணைப்புகள். அடைக்கும் நாளில் இவற்றில் ஒன்று இல்லாமல் நின்றால், தொட்டி நிறைய பீரும் கூலிக்கு வந்த ஆட்களும் காத்திருக்க வேண்டிவரும்.

பதிவேட்டில் ஒவ்வொரு ஓட்டத்தின் மடிப்பு அளவுகள், எடைகள், ஆக்சிஜன் எண், மூடித் தொகுதி எண், மாற்றிய பாகம் ஆகியவற்றை எழுத வேண்டும். மடிப்புத் தடிமன் அனுமதித்த எல்லைக்குள்ளேயே இருந்தாலும், ஆறு வாரமாக மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் ரோலர் தேய்கிறது அல்லது தளர்கிறது என்று பொருள். இது ஒரே நாளின் அளவில் தெரியாது.

கோளாறும் காரணமும்

மடிப்பைத் திருத்துவதற்கு ஒரு வரிசை உண்டு. அதை மாற்றினால் குழப்பமே மிஞ்சும். முதலில் பார்க்க வேண்டியது கீழ்த் தட்டுக்கும் சக்குக்கும் இடையிலுள்ள உயரமும் தட்டின் அழுத்தமும். டின் கொக்கியின் நீளத்தைத் தீர்மானிப்பவை இவையே. அழுத்தம் குறைந்தால் டின் கொக்கி குட்டையாகும். மிகுந்தால் நீளும், டின்னின் கழுத்தும் நசுங்கும். இது சரியான பிறகே முதல் ரோலர். அது தளர்ந்திருந்தால் மூடிக் கொக்கி குட்டையாகும். கடைசியில்தான் இரண்டாவது ரோலர். கொக்கி குட்டையாக இருப்பதைக் கண்டு இரண்டாவது ரோலரை இறுக்குவது பரவலான தவறு. வெளியே மடிப்பு அழகாகும். உள்ளே பசை பிதுங்கி, உலோகம் மெலிந்து, ஏறிய அளவு இன்னும் குறையும். மடிப்பின் உள்விளிம்பில் விரலைச் சுற்றினால் கூர்மை தட்டுப்பட்டால் அது மிகை இறுக்கத்தின் அடையாளம். மடிப்பின் ஒரு பகுதி மட்டும் இறுகாமல் தடித்திருந்தால், சக்கில் டின் வழுக்கியிருக்கிறது: சக் தேய்ந்திருக்கலாம், எண்ணெய் பட்டிருக்கலாம், தட்டின் அழுத்தம் போதாதிருக்கலாம். விளிம்பு முன்பே நசுங்கிய டின் வந்தால் கொக்கி அந்த இடத்தில் மாட்டவே மாட்டாது. அது இயந்திரத்தின் குற்றம் இல்லை. அடுக்கை இறக்கியவர் கையின் குற்றம்.

எல்லாக் குழாயிலும் நுரை மிகுந்தால் வெப்பநிலை, தொட்டி அழுத்தம், பைப். ஒரே குழாயில் மட்டும் மிகுந்தால் அந்தக் குழாயின் வாஷர் அல்லது முனையில் சிக்கிய ஹாப்ஸ் துகள். ஆக்சிஜன் எண் திடீரென ஏறினால் முதலில் பைப் இணைப்புகளின் வாஷர்களையும், மூடிக்கடியில் ஊதும் வாயு ஓடுகிறதா என்பதையும் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இயந்திரம் சரியாக இருந்தும் டின் உப்பி வெடிப்பது உண்டு. காரணம் பீரில் மீந்த சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்ட்டும். லிட்டருக்குப் பத்து கிராம் சர்க்கரை டின்னுக்குள் புளித்தால் ஐந்து கிராம் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு கூடும். அதாவது வாயு இரட்டிப்பாகும். வழக்கமான டின் தாங்கும் அழுத்தம் 90 பிஎஸ்ஐ அளவு. இரட்டிப்பான வாயு, வெயிலில் நின்ற வண்டிக்குள் இதை எளிதாகத் தாண்டும். பழக்கூழ் சேர்த்த பீரிலும், புளிப்பு முடிந்தபின் ஹாப்ஸை அள்ளிப் போட்ட பீரிலும் இந்த ஆபத்து அதிகம். ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்ட் தொடமுடியாத மாவுச்சத்துக் கூறுகளைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுத்துவிடும். இத்தகைய பீரை வடிகட்டியோ, பாஸ்டர் முறையில் சூடாக்கியோ, புளிப்பு முற்றும் நின்றதை உறுதிசெய்தோதான் அடைக்க வேண்டும்.

வாரங்கள் கழித்துக் கிடங்கில் ஒழுகத் தொடங்கும் டின்களின் மடிப்பு சரியாக இருந்தால், மூடியின் கீறல் கோடுகளைப் பார்க்க வேண்டும். ஈரத்தோடு அட்டையில் கட்டிய டின்னின் மேல் பீரும் குழாய்நீரின் குளோரைடும் தேங்கி, அழுத்தத்தில் நிற்கும் மெல்லிய அலுமினியத்தை அந்தக் கோட்டிலேயே பிளக்கும். மடிப்பு நிலையத்தைத் தாண்டியதும் டின்னை நல்ல நீரால் அலசி, காற்றுக் கத்தி எனப்படும் ஊதுகுழாயால் மூடியை உலர்த்திய பிறகே அடுக்க வேண்டும். ஒரு டின் ஒழுகினால் அதன் பீரே பக்கத்து டின்களை அரிக்கும் என்பதால் ஒழுகிய அட்டையை முழுதாகப் பிரித்து, மற்ற டின்களைக் கழுவி உலர்த்திப் பார்த்த பிறகுதான் திரும்பக் கட்ட வேண்டும்.